நிழலில் ஓடிய வாய்க்கால்

எங்கள் அலுவலகம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு பழைய பட்டறையின் மாடியில் இருக்கிறது. கீழே இயந்திரங்கள் ஓடும்போது எங்கள் மேசைகள் மிக மெல்ல நடுங்கும். வானிலிருந்து எடுத்த படங்களைத் திரையில் விரித்து, ஏரிகளின் கரையைத் தொடர்ந்து நான் கோடு இழுக்கும் நேரங்களில், அந்த நடுக்கம் என் விரல் வழியாகத் தண்ணீருக்குள் இறங்குவதுபோல் தோன்றும். நகரத் திட்டங்களுக்கு வரைபடம் தயாரித்துக் கொடுப்பது எங்கள் தொழில்.

வெள்ளானூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே இறங்கும் உபரிநீர் வாய்க்கால் ஒன்றை மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கொடுத்தார்கள். வாய்க்காலின் நடுக்கோட்டை வரைய வேண்டும். அதிலிருந்து இருபுறமும் முப்பது மீட்டருக்குப் பச்சை பூச வேண்டும். அந்தப் பச்சைக்குள் பயிர் செய்யலாம், மரம் வளர்க்கலாம், கட்டடம் மட்டும் கூடாது. ஓர் ஏரியின் மழைநீர் அடுத்த ஏரிக்குப் போக வழியும், நெருங்கி நெருங்கி வரும் ஊர்களுக்கு நடுவே மூச்சுவிட ஓர் இடமும் வேண்டும் என்பதற்காகத்தான் இப்படிப் பசுமைப் பட்டைகளை ஒதுக்குகிறார்கள். கல்லூரியில் இதைப் படித்தபோதே முழுமனத்துடன் நம்பினேன். இன்றும் நம்புகிறேன் என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்ள விரும்புகிறேன்.

பழைய கிராம வரைபடம் சரியாக அந்த இடத்தில் மடிப்பு விழுந்து நைந்து போயிருந்தது. ஆகவே வானிலிருந்து எடுத்த படத்தை மட்டும் பார்த்து வரைந்தேன். அது தை மாதத்துப் படம். காலை பத்து மணி இருபத்திரண்டு நிமிடம் என்று அதன் ஓரத்தில் பதிந்திருந்தது. மரங்களின் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றையொட்டி ஒரு கரிய பட்டை வளைந்து வளைந்து ஓடியது. அதன் நடுவே கோடு இழுத்தேன். மதிய உணவு முடிந்த வேளை அது, வெளியே தூறல். ஏழு நிமிடங்கூட ஆகியிருக்காது.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே வாய்க்காலின் கிழக்குக் கரையில் ஒரு மனைப்பிரிவு போட்டார்கள். அதில் பதினேழாம் எண் மனையை நானும் என் கணவரும் முன்பணம் கொடுத்துப் பதிந்து வைத்தோம். பசுமைப் பட்டை முடிகிற இடத்தில் அந்த மனை தொடங்கியது. எதிரே எந்தக் காலத்திலும் கட்டடம் எழும்பாது என்று எனக்குத் தெரியும். அந்தப் பச்சையைப் பூசியவளே நான்தானே. முகப்பேரில் நாங்கள் குடியிருக்கும் மூன்றாம் மாடி வீட்டின் ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சமையலறையின் புகைபோக்கி விசிறிதான் தெரியும். வாணியம்பாடியிலிருந்து வந்த ஆறு ஆண்டுகளாக அந்த விசிறியைத்தான் பார்த்து வருகிறோம். ஓர் இரவு நான் ஒரு தாளில் பதினேழாம் மனைக்கு ஒரு வீடு வரைந்தேன். மேற்குச் சுவரில் அகலமான ஜன்னல்; ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வந்த பிறகு பத்திரம் என்று சொல்லியிருந்தார்கள். அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த ஆண்டு பொங்கல் முடிந்த வாரத்தில், வரைவுத் திட்டத்தின் மீது வந்த ஆட்சேபணைக் கடிதங்களில் ஒன்றை மேலாளர் ஞானசேகரன் சார் என் மேசையில் வைத்தார். ஏகாம்பரம், எல்லம்மா என்று இருவர் கையெழுத்திட்டிருந்தார்கள். வாய்க்காலின் மேற்குக் கரையில் அவர்களுக்குக் கொஞ்சம் கீரை நிலம் இருக்கிறது. அதன் கடைசியில் வீட்டு மனை. வீடு கட்ட அனுமதி கேட்டபோது, மனை பசுமைப் பட்டைக்குள் வருகிறது என்று மறுத்துவிட்டார்கள். தட்டச்சு செய்த கடிதத்தின் கீழே பேனாவால் ஒரு வரி இருந்தது: 'எங்கள் மனைக்கும் வாய்க்காலுக்கும் நாற்பத்தைந்து தப்படி. தயவுசெய்து வந்து நடந்து பாருங்கள்.'

"போன மாசத்துப் படத்தை எடுத்துப் பார்த்தேம்மா," என்றார் ஞானசேகரன் சார். "அந்த மனை முழுக்கப் பச்சைப் பசேல்னு இருக்கு. பச்சையா இருக்கிறதைத்தான் பச்சைன்னு போட்டிருக்கோம். வெள்ளிக்கிழமை விசாரணை. நாளைக்கு ஒரு நடை போய்ப் பார்த்துட்டு, தள்ளுபடி பண்ணலாம்னு குறிப்பு எழுதிடுங்க."

மறுநாள் புதன்கிழமை. ஆவடியைத் தாண்டி வெள்ளானூர்ச் சாலையில் என் ஸ்கூட்டர் திரும்பியபோது மணி ஒன்பதரை இருக்கும். பனி இன்னும் முழுதாகக் கலையவில்லை. புதிய அடுக்குமாடிகளின் மேல் தளங்கள் மட்டும் வெள்ளையில் மிதந்தன. அவற்றின் கீழ்த் தளங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. மண் பாதையின் முடிவில், அரைக்கீரைப் பாத்திகளின் நடுவே, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் குந்தி உட்கார்ந்து கீரை அறுத்துக்கொண்டிருந்தார். நான் வணக்கம் சொல்லி, எந்த அலுவலகம் என்று சொன்னேன்.

"மேப்பு போட்ற ஆபீஸா?" அவர் அரிவாளைக் கீழே வைத்தார். "மேப்பு போட்றவங்கல்லாம் ஆம்பளன்னு நெனச்சிகினு இருந்தேன். ரெண்டு வருசமா திட்னதெல்லாம் ஆம்பளைக்குத் திட்ற திட்டு. அத்தெல்லாம் வாபஸ்."

அவர்தான் எல்லம்மா. நான் நன்றி என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"வா, ஊட்டப் பாரு மொதல்ல."

பாத்திகளைக் கடந்து போனோம். மனையின் ஓரத்தில் அவர் செருப்பைக் கழற்றினார். என் கால்களைப் பார்த்தார். நானும் கழற்றினேன். "வாசப்படி இங்க. குறுக்க தாண்டாத," என்று சொல்லி, எங்கும் ஒரே மாதிரி இருந்த புல்லில் ஒரு குறிப்பிட்ட இடத்தின் வழியாக என்னை உள்ளே அழைத்துப் போனார்.

வீடு தண்ணீரால் கட்டப்பட்டிருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சுவர்களுக்காகத் தோண்டிய கடக்கால் முழுவதும் மழைநீர் நின்றது. சுவர் இருக்க வேண்டிய ஒவ்வொரு கோட்டிலும் தண்ணீர் நேராக ஓடி, மூலையில் சரியாகத் திரும்பி, கதவுக்காக விட்டிருந்த மண்ணருகில் நின்றது. அறைகளின் தரையில் துவரை ஆளுயரத்துக்கு நின்றது. உளுந்தும் பயறும் படர்ந்திருந்தன. மொச்சைக்கொடி ஒன்று ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தண்ணீரைத் தாண்டிப் போயிருந்தது. தட்டான்கள் சுவரின் மேல் உட்கார்ந்திருந்தன.

"இது ஹாலு. பாத்து, வழுக்கும்," என்றார் எல்லம்மா. "அந்தாண்ட பெட்ரூமு. இது கிச்சன். கிச்சன் செவுத்துல மீனு கீது பாரு. அடுப்பே இல்ல, அதுக்குள்ள கொழம்புக்கு வந்து நிக்குது."

"இந்தச் செடியெல்லாம் நீங்க போட்டதா?"

"நாங்க எங்க போட்டோம்? வாஸ்து பூஜ அன்னிக்கி குழியில நவதானியம் தூவனோம். ஐயரு ஒரு கைப்புடி போடுன்னாரு. இந்த மனுசன் ஆசையில ஒரு மொறம் கொட்டிட்டாரு. அடுத்த வாரமே அனுமதி இல்லன்னு பேப்பரு வந்துச்சி. அப்பறம் அது பாட்டுக்கு மொளச்சி, காச்சி, கொட்டி, மறுபடி மொளச்சிகினு கீது."

"குழியை மூடிட்டு, சும்மா நிலமா வச்சிருக்கலாமேம்மா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஒரு சின்னக் குழந்தை ஏதோ கேட்டுவிட்டது என்ற பொறுமைதான் இருந்தது. "பூஜ போட்டுத் தோண்டின கடக்கால மூடுவாங்களாம்மா? மூடிட்டா அந்தக் குடும்பத்துக்கு ஊடே இல்லன்னு அர்த்தம். பழைய ஊட்ட இடிச்சிட்டுத்தான் தோண்டனோம். இப்ப மேனாம்பேட்டுல வாடகைக்கு கீறோம். தெனம் காலைல இங்க வந்து கீர அறுத்துகினு போறேன். அவரு லேத்து பட்டறையில வேல. ஞாயித்துக்கெயம ஆனா ஒரு பிளாஸ்டிக் சேர எடுத்துகினு வந்து ஹால்ல போட்டு உக்காந்துக்குவாரு. போறவன் வர்றவன்லாம், 'இன்னா மாமே, ஏசி நல்லா வருதா'ன்னு கேக்கறான். 'கொஞ்சம் கொறச்சி வை'ன்றாரு இவரு."

மேலாளர் பார்த்த பச்சை இதுதான் என்று எனக்குப் புரிந்தது. அனுமதி மறுத்ததால் மூடாத குழி. மூடாத குழியில் வளர்ந்த தானியம். அந்தத் தானியம் வானிலிருந்து பார்க்கும்போது பச்சை. அவர்கள் காத்திருந்த இரண்டு ஆண்டுகளே அவர்களுக்கு எதிரான சான்றாக மாறியிருந்தன.

"வெள்ளிக்கெயம முடியாதுன்னு சொல்லிட்டா, அவ்ளதானா?" என்று எல்லம்மா கேட்டார். இந்த ஒன்றை மட்டும் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஆமாம்மா. அதுக்கப்புறம் திட்டம் முடிவாகிடும். பிறகு மாத்த முடியாது."

அவர் துவரைக் காய் ஒன்றைப் பறித்து, உரித்து, என் உள்ளங்கையில் பருப்பை வைத்தார். பச்சையாகவே தின்றேன்.

மனையிலிருந்து வாய்க்காலை நோக்கித் தப்படி எண்ணிக்கொண்டு நடந்தேன். பனி விலகி வெயில் வந்திருந்தது. முப்பதாவது தப்படியில் திடீரென்று குளிர்ந்தது. பாத்திகளின் மேல் ஒரு நிழல் நீண்டு கிடந்தது. வாய்க்கால் கரையில் வரிசையாக நின்ற நீர்மருது மரங்களின் நிழல் அது. ஒன்றோடொன்று கலந்து ஒரே பட்டையாகி, ஓரங்கள் வழவழப்பாக வளைந்து, தெற்கே தெற்கே போய்க்கொண்டே இருந்தது. காற்றடித்தபோது அதன் மேல் சிற்றலை ஓடியது.

கைப்பேசியில் எங்கள் வரைபடத்தைத் திறந்தேன். நான் நிற்குமிடத்தைக் காட்டும் நீலப் புள்ளி, வாய்க்காலின் நடுவில் இருந்தது. என் காலடியில் அரைக்கீரை இருந்தது.

சில அடி வடக்கே போனேன். புள்ளியும் வந்தது, வாய்க்காலை விட்டு விலகவே இல்லை. நிழலோடு நடந்தேன். ஐந்தாவது மரம் சற்றுச் சாய்ந்து நின்றது. அங்கே நிழல் வயிறு தள்ளியதுபோல் மேற்கே புடைத்திருந்தது. வரைபடத்தில் வாய்க்காலும் அங்கே புடைத்திருந்தது. அந்த வளைவு எனக்கு நன்றாக நினைவிருந்தது. வரையும்போது அழகாக இருக்கிறது என்று நினைத்து, அதைக் கூடுதல் கவனத்தோடு இழுத்திருந்தேன். கைப்பேசியில் மணி பார்த்தேன். பத்து இருபது.

உண்மையான வாய்க்கால் பதினைந்து தப்படிக்குக் கிழக்கே, மரக்கிளைகளின் அடியில், வானத்துக்குத் தெரியாமல் சலசலத்துக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி ஆய்டிச்சி?"

"அம்மா, இந்தக் கோட்டைப் போட்டது நான்தான்."

"நீயா?"

"மரத்து நிழலை வாய்க்கால்னு போட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

எல்லம்மா இடுப்பில் கை வைத்து நிழலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி நிழலைப் பார்த்தார். "நெழல்ல தண்ணி ஓடுதுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் மோட்டாரே போட்டிருக்க மாட்டனே," என்றார். பிறகு அவர் குரல் தாழ்ந்தது. "தோ பாரு, இது பதினொரு மணிக்குப் போய்டும். மத்தியானத்துக்கெல்லாம் மரத்தடியில சுருட்டிக்கும். நீ சொன்னா உங்க ஆளுங்க நம்புவாங்களா?"

நான் யோசிப்பதற்குள் அவர் போய், கீரைக்குப் பூச்சி வராமல் தூவுவதற்கு வைத்திருந்த சாம்பல் கூடையை எடுத்து வந்தார். நிழலின் மேற்கு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, கோலம் போடுகிறவர்களின் விரலசைவோடு, சாம்பலை விட்டுக்கொண்டே நடந்தார். நான் கிழக்கு ஓரத்தில் விட்டேன். நிழல் காத்திருக்கவில்லை, நாங்கள் சற்று விரைந்து நடக்க வேண்டியிருந்தது. கடைசி மரம் வரை போய்த் திரும்பிப் பார்த்தபோது, வெள்ளைக் கரைகளுக்கு இடையே கரிய வாய்க்கால் ஒன்று கீரைத் தோட்டத்தின் குறுக்கே ஓடியது. படம் எடுத்துக்கொண்டேன். இருவரும் வரப்பில் உட்கார்ந்து பார்த்தோம். நிழல் மேற்குச் சாம்பல் கோட்டை விட்டுக் கொஞ்சங் கொஞ்சமாகக் கழன்று கிழக்கே போயிற்று. பதினொரு மணிக்கு வெயிலில் சாம்பல் கோடுகள் மட்டும் கிடந்தன, நடுவே ஒன்றுமில்லை. அதையும் படம் எடுத்தேன்.

"அப்ப கோட்ட அந்தாண்ட தள்ளிடுவியா?"

"தள்ளணும்மா."

"அந்தாண்ட யாருக்குனா போய்டுமே?"

நான் எழுந்து, அக்கரையைப் பார்த்துவிட்டு வருவதாக மட்டும் சொன்னேன்.

வாய்க்காலின் மேல் போட்டிருந்த கற்பலகை வழியாகக் கிழக்குக் கரைக்குப் போனேன். மனைப்பிரிவில் யாரும் இல்லை. மஞ்சள் பூசிய கற்களில் சிவப்பு எண்கள். வாய்க்காலை ஒட்டிய அந்த வரிசையில் ஏழு மனைகள். மற்ற ஆறையும் இன்னும் யாரும் எடுக்கவில்லை. பையிலிருந்த அளவு நாடாவை வாய்க்காலின் நடுவிலிருந்து இழுத்துக்கொண்டு நடந்தேன். பத்தொன்பது மீட்டரில் பதினேழாம் எண் கல் வந்தது. இருபத்திரண்டில் என் ஜன்னல். இருபத்தாறில் நாங்கள் உட்கார்ந்து தேநீர் குடிக்க நினைத்திருந்த இடம். முப்பதாவது மீட்டர் சமையலறையைத் தாண்டிப் பின்சுவருக்கு அருகில் முடிந்தது. மிச்சம் ஓர் ஆள் படுக்கும் அகலம்.

நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டேன். என் தவறு வாய்க்காலைப் பதினொரு மீட்டர் மேற்கே தள்ளியிருந்தது. தள்ளிய அளவு மேற்கே ஒரு வீட்டை எடுத்து, கிழக்கே ஒரு வீட்டைக் கொடுத்திருந்தது. கொடுத்தது எனக்கு. நான் அறிந்து செய்யவில்லை. ஆனால் நேற்று வரைக்கும்தான் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்.

மாலையில் என் கணவரிடம் சொன்னேன். அவரும் தொழிற்பேட்டையில்தான், ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். எதிர் வீட்டு விசிறி சுழன்றுகொண்டிருந்தது. யாரோ வெங்காயம் வதக்கினார்கள்.

"நீ சொல்லலேன்னா யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அந்த அம்மாவுக்கு?"

"நிழல்னு தெரியும். அவங்க சொன்னா எடுபடாது. நம்ம மனை அங்க இருக்கறது அவங்களுக்குத் தெரியாது."

அவர் விசிறியைப் பார்த்தார். "நீ ஒரு வீடு வரைஞ்சு வச்சிருந்தியே, அந்தப் பேப்பர் எங்க?"

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மடிப்பைப் பிரித்து, ஜன்னலின் மேல் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"எனக்குக் கோவம் இருக்கு ஜமீலா," என்றார் மெதுவாக. "நாளைக்கும் இருக்கும். அதுக்காக நீ எழுதாம இருக்காத." அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நானும்.

வியாழக்கிழமை காலை ஞானசேகரன் சாரிடம் இரண்டு தாள்களைக் கொடுத்தேன். முதலாவது, நிழலைப் பற்றி. அதை அவர் எழுந்து நின்று, படங்களைத் திரையில் பெரிதாக்கி, பழைய படத்தின் மேல் வைத்துப் பார்த்தார். சாய்ந்த மரத்தின் புடைப்பு ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தது.

"அடக் கடவுளே," என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். "ஜமீலா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு கோட்டை நாமே அசைச்சா, நாளைக்கு எல்லாரும் எல்லாக் கோட்டையும் அசைக்க வருவாங்க. பச்சைன்னு ஒண்ணு மிஞ்சுமா? ஒரே ஒரு வீடுதானே?"

"சார், நிழலுக்குப் பச்சை பூசி வச்சிருக்கோம். வாய்க்காலோட கிழக்குக் கரைக்குப் பூச வேண்டியதைப் பூசலை. வெள்ளம் வந்தா அது நம்ம கோட்டைப் பார்த்து ஓடாது, சார்." என் வாழ்நாளில் மேலதிகாரி ஒருவரிடம் நான் இத்தனை நீளமாக மறுத்துப் பேசியதில்லை. குரல் நடுங்கியது. கீழே இயந்திரங்கள் ஓடியதால் அது தெரிந்திருக்காது என்று நம்புகிறேன்.

அவர் இரண்டாவது தாளைப் பிரித்தார். பதினேழாம் எண் மனையைப் பற்றியது. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை எப்பவோ சொல்லியிருக்கணும்."

"ஆமாம் சார்."

"இதைக் குடுக்காம இருந்திருந்தா, முதல் தாளை உங்களுக்காக நான் ஒத்துக்கிட்டிருப்பேன். அப்புறம் என்னைக்காவது இது தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் தலை இருக்காது." இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் குத்தினார். "இந்த வேலையிலேர்ந்து உங்களை மாத்தியாகணும். அது தண்டனைன்னு நினைச்சாலும் சரி, இல்லேன்னாலும் சரி."

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு ஏகாம்பரம் பட்டறைச் சீருடையிலேயே வந்திருந்தார். ஒல்லியான, கூச்சமுள்ள மனிதர். நகத்தின் ஓரங்களில் கருப்பு. எல்லம்மா பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். அதிகாரி படங்களைப் பார்த்துவிட்டு, கோட்டை வரைந்தவர் யார் என்று கேட்டார். எழுந்து நின்றேன். நிழலைப் பற்றிச் சொன்னேன். பிறகு, கோடு நகர்ந்தால் எனக்கு மனை போகும் என்பதையும் சொன்னேன். எல்லம்மா சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார்.

அதிகாரி ஏகாம்பரத்தைப் பார்த்து, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அவர் எழுந்து நின்று, "ஹால்ல தவள சத்தம் ஜாஸ்தியா கீது சார்," என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

வெளியே படிக்கட்டில் எல்லம்மா என் கையைப் பிடித்தார். "அன்னிக்கே ஏன் சொல்லல?"

"சொல்ற தைரியம் வரலைம்மா."

"அக்கரைய பாத்துட்டு வரேன்னு போனியே. சும்மா அளக்கத்தான்னு நெனச்சேன்," என்றார். கையை விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் அளவைக் கருவியோடு ஆட்கள் போனார்கள். பதினொரு மீட்டரும் கொஞ்சமும் என்று வந்தது. கோடு கிழக்கே நகர்ந்தது. மனைப்பிரிவில் வாய்க்காலை ஒட்டிய ஏழு மனைகளும் பச்சைக்குள் போயின. ஏழில் ஒன்றுக்குத்தான் ஜன்னல் வரையப்பட்டிருந்தது. எனக்கு இப்போது பூந்தமல்லிப் பக்கத்து வரைபடங்களைக் கொடுத்திருக்கிறார்கள். எந்தப் படத்தைத் திறந்தாலும் முதலில் அதன் ஓரத்தில் மணியைப் பார்க்கிறேன். நண்பகல் படமாக இருந்தால் சற்று நிம்மதியாக இருக்கும்.

ஆவணியில் எல்லம்மா கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தார். என் கணவரும் வந்தார். தண்ணீர் இருந்த இடங்களில் செங்கல் எழும்பி, வெள்ளையடித்து, வாழை கட்டியிருந்தது. கடக்காலுக்குள் கருங்கல் போடும் முன், மீன்களைக் குடத்தில் அள்ளி வாய்க்காலில் விட்டார்களாம். ஹாலில் ஏகாம்பரம் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மேலே சுழலும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் அவர் பக்கத்தில் போய் அமர்ந்தார். அவரும் அண்ணாந்து பார்த்தார்.

சாப்பாடு முடிந்ததும் எல்லம்மா என்னைத் தனியே அழைத்தார். "உன் ஊடு எங்க வந்திருக்கும்? காமி."

"வேணாம்மா, இன்னைக்குப் போய்..."

"இன்னிக்கித்தான். வா."

பாத்திகளைத் தாண்டி, மருதமரங்களின் அடியில் கற்பலகை வழியாக அக்கரைக்குப் போனோம். புல் முழங்கால் வரை வளர்ந்திருந்தது. பதினேழாம் எண் கல் சாய்ந்து, அதன் மேல் ஓணான் ஒன்று படுத்திருந்தது. பிற்பகல் வெயில் மரங்களுக்கு மேலே மேற்கில் இருந்தது. அந்த நேரத்தில் நிழல் இந்தப் பக்கம் நீண்டு, நாங்கள் நின்ற இடத்தை முழுவதும் மூடியிருந்தது.

"வாசப்படி எது?"

எங்கும் ஒரே மாதிரி இருந்த புல்லில் ஓர் இடத்தைக் காட்டினேன். எல்லம்மா அங்கே நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பட்டுப்புடவையின் கொசுவத்தைச் சற்றே தூக்கிப் பிடித்து, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார்.

"ஹாலா?"

"ஹால்தாம்மா. அந்தப் பக்கம் கிச்சன்."

"நல்ல பெருசாத்தான் கீது." கொஞ்ச தூரம் உள்ளே நடந்து, சுற்றிப் பார்த்தார். "ஜன்னல் எந்தாண்ட?"

"இதோ, இங்க."

என் பக்கத்தில் வந்து நின்றார். மரங்களின் நடுவே, கீரைப் பாத்திகளுக்கு அப்பால், வாழை கட்டிய வெள்ளை வாசலும், அதன் வழியே ஒரு நாற்காலியின் காலும் தெரிந்தன. இருவரும் கொஞ்ச நேரம் ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.